பதின்ம வயதினருக்கு ஓர் இசைக்கூடம் திறப்பதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பயன்பாடின்றிக் கிடக்கும் ஒரு மண்டபம் உங்கள் குழுவின் கைக்கு வருகிறது, 13 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் வந்து நேரடி இசை கேட்கவும், நிகழ்ச்சி இல்லாத மாலைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவும் அதைத் திறந்துவிட விரும்புகிறீர்கள், அது பாதுகாப்பாக இருக்குமா, எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய கூடங்களில் பல ஆண்டுகள் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது நடக்கக்கூடியதுதான், ஆனால் வருகிற பிள்ளைகளை வெறும் பார்வையாளர்களாக வைத்துக்கொண்டு நடத்த முடியாது. அந்தக் கூடத்தின் வேலைகளில் பாதிக்கு மேல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் விபரீதமாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தகைய இடங்கள் ஏன் அரிதாக இருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் சந்திக்கப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தக் காரணத்திலிருந்தே கிளைக்கின்றன. புதிய, சிறிய இசைக்குழுக்கள் வாசிக்கும் கூடங்கள் மேலை நாடுகளில் பெரும்பாலும் மதுக்கூடத்தின் ஒட்டாகவே வளர்ந்தன. நுழைவுச்சீட்டில் வருவதில் பெரும்பங்கு குழுவுக்குப் போய்விடும். வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம் ஆகியவற்றை மது விற்பனைதான் ஈடுகட்டும். அந்தக் கணக்கில், மது வாங்க முடியாத வயதுடைய ஒருவர் இடத்தை அடைப்பவராகவும் உரிமத்துக்கு ஆபத்து விளைவிப்பவராகவும் மட்டுமே தெரிவார். அமெரிக்காவில் இது சட்டத்தாலும் இறுகியது. மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்று 1984-இல் ஒன்றிய அரசு சட்டம் இயற்றியது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. 18 வயதில் வாக்களிக்கலாம், ராணுவத்தில் சேரலாம், ஆனால் பல ஊர்களில் தன் வயதுக்காரர்கள் வாசிக்கும் இசையைக் கூடத்துக்குள் சென்று கேட்க முடியாது என்ற விசித்திர நிலை பரவியது.

அதற்கு இளைஞர்களே ஒரு மாற்றுவழி கண்டுபிடித்ததையும் சொல்லியாக வேண்டும். 1980-இல் வாஷிங்டன் நகரின் டீன் ஐடில்ஸ் என்ற இசைக்குழு கலிபோர்னியாவுக்குச் சென்றபோது, சான் பிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் கூடத்தில் அவர்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். அந்தக் குறி உள்ள கைக்கு மது கொடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஊர் திரும்பிய அவர்கள், இதே குறியை எங்களுக்கும் போடுங்கள், உள்ளே மட்டும் விடுங்கள் என்று தங்கள் ஊர்க் கூடங்களிடம் கேட்டார்கள். ஒரு மைப்பேனாவின் செலவில் ஒரு சட்டச் சிக்கல் தீர்ந்தது. (அந்தக் குறி பின்னாளில் மதுவையும் போதைப்பொருளையும் தாமாகவே விலக்கிய இளைஞர்களின் பெருமைச் சின்னமாக மாறியது தனிக்கதை.)

இளையோரைச் சேர்ப்பதற்கு ஆகும் சிந்தனையைவிட விரட்டுவதற்கு ஆகும் சிந்தனைதான் உலகில் அதிகம் செலவாகியிருக்கிறது. வேல்ஸ் நாட்டில் 2005-இல் 'மாஸ்கிட்டோ' என்ற கருவி வந்தது; வயது ஏறிய காதுகளுக்கு எட்டாத, சுமார் 17 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியை எழுப்பி, கடை வாசல்களில் கூடும் இளையோரை மட்டும் எரிச்சலூட்டிக் கலைப்பதே அதன் பயன். பொது இடங்களில் அதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஐரோப்பிய அவையின் நாடாளுமன்றப் பேரவை 2010-இல் கேட்டுக்கொண்டது. ஆள் விரட்டும் கருவிக்குக் கொசுவின் ஆங்கிலப் பெயரை வைத்த குறும்பை நினைத்துச் சிரிப்பதா, அதன் இலக்கு யார் என்பதை நினைத்து வருந்துவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு சியாட்டில் நகரம் நல்ல பாடம். அங்கே 1985-இல் கொண்டுவரப்பட்ட பதின்ம வயதினர் நடனச் சட்டம், இளையோர் கலந்துகொள்ளும் நடன நிகழ்ச்சிகளுக்கு 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டையும், பணிநேரம் முடிந்த காவலர்களைக் கூலிக்கு அமர்த்துவதையும், வருவோரின் வயதுக்குக் கடும் வரம்புகளையும் கட்டாயமாக்கியது. பிள்ளைகளைக் காப்பதே நோக்கம் என்றார்கள். விளைவு, முறையாக நடத்த விரும்பியவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இசை நின்றுவிடவில்லை, வீட்டு நிலவறைகளுக்கும் அனுமதியற்ற கிடங்குகளுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் இடம்பெயர்ந்தது. அருகிலுள்ள ரெட்மண்டில் பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தை இளையோர் மையமாக்கி நடத்திய நிகழ்ச்சிகளுக்கு அந்த வட்டாரத்தின் பிள்ளைகள் திரண்டு போனார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2002-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு இலகுவான விதிகள் வந்தன. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'எதற்கு இந்த வம்பு' என்று கேட்கும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்: இந்தக் கூடம் இல்லாவிட்டால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்பது பொய்க்கணக்கு.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஆர்வத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்க விரும்புவதில்லை. இடம் கொடுத்தால் மட்டும் போதும், பிள்ளைகள் நல்லபடியாக வளர்ந்துவிடுவார்கள் என்பதும் பொய்க்கணக்குதான். சுவீடனில் ஊர்தோறும் இளையோர் பொழுதுபோக்கு மையங்கள் இருந்தன. மேசைப்பந்து, இசை, காபி, உட்கார நாற்காலி எல்லாம் உண்டு, ஆனால் குறிப்பிட்ட செயல்பாடு என்று எதுவும் கட்டாயமில்லை. மஹோனி, ஸ்டாட்டின் முதலிய ஆய்வாளர்கள் சிறுவர்களை 10 வயது முதல் 30 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்த மையங்களுக்குச் சென்றவர்களிடையே பிற்காலக் குற்றப் பதிவுகள் அதிகமாக இருந்தன. ஏற்கெனவே சிக்கலில் இருந்த பிள்ளைகள்தான் அங்கே சென்றார்கள் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. குடும்பம், படிப்பு முதலிய முந்தைய காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு எஞ்சியது. செய்வதற்கு ஒன்றுமில்லாத கூட்டத்தில், அதிகம் வழிதவறிய பிள்ளையே மற்றவர்களுக்கு வழிகாட்டியாகிவிடுகிறான் என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். நானும் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஐஸ்லாந்தின் அனுபவம் இதன் மறுபக்கம். அங்கே 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறுமளவு குடித்ததாகச் சொன்னவர்கள் 1998-இல் 42 விழுக்காடு. 2016-இல் 5 விழுக்காடு. இரவு நேரக் கட்டுப்பாடு, பெற்றோர் ஒப்பந்தங்கள், மது, புகையிலை விற்பனைக்கு வயது வரம்பு ஆகியவற்றோடு, விளையாட்டு, இசை, நடனம் போன்ற ஒழுங்கமைந்த செயல்பாடுகளுக்கு அரசும் நகராட்சிகளும் பெருமளவில் பணம் ஒதுக்கின. எந்த ஒன்றால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது வெறும் இடம் அன்று, அந்த இடத்தில் தொடர்ந்து செய்வதற்கு ஒரு காரியமும் கற்றுத்தரும் ஒரு பெரியவரும் சேர்த்தே கொடுக்கப்பட்டன.

ஓர் இசைக்கூடத்தின் அருமை இங்கேதான் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி நடக்க வேண்டுமானால் இயல்பாகவே இருபது வகை வேலைகள் தேவைப்படுகின்றன. யாரும் செயற்கையாகச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டியதில்லை. குழுக்களுக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டும், சுவரொட்டி வரைய ஆள் வேண்டும், வாசலில் சீட்டுக் கிழிக்க, காசு எண்ண, மேடைக்குக் கேபிள் இழுக்க, விளக்கு பார்க்க, ஒலிக்கலவை செய்ய, தண்ணீர் வைக்க, கடைசியில் தரை பெருக்க ஆள் வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் கில்மன் தெரு 924-ஆம் எண் கட்டடத்தில் 1986 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்ட கூடம் தொடக்கத்திலிருந்தே தன்னார்வலர்களால் நடத்தப்பட்டது. சிறு தொகை கட்டி உறுப்பினர் ஆகிறவர் கூட்டங்களில் பேசவும் வாக்களிக்கவும் முடியும். 1988-இல் அதைத் தொடங்கியவர்கள் சோர்ந்துபோய் மூடியபோது, அங்கே பழகிய தன்னார்வலர்களே மீண்டும் திறந்தார்கள். அந்தக் கூடம் அவர்களைக் கடந்தும் பல பத்தாண்டுகள் நீடித்தது. சியாட்டிலின் வேரா திட்டம் 2001-இல் தொடங்கியபோது, நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் தன்னார்வலர்களால் இயங்கும் வேரா என்ற கூடத்தையே முன்மாதிரியாகவும் பெயராகவும் எடுத்துக்கொண்டது. ஒலிப்பொறியியலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் கற்றுக்கொண்ட இளையோரே அங்கே நிகழ்ச்சிகளை நடத்துகிறார்கள்.

வேலை கொடுப்பது என்றால் பெயருக்கு ஒரு பட்டையைச் சட்டையில் குத்திவிடுவதன்று. நான் நின்ற ஒரு கூடத்தில், வாரந்தோறும் வந்து வாசலில் மற்றவர்களைச் சீண்டிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், நிகழ்ச்சி முடிந்ததும் மைக் கேபிள்களைச் சுருட்டச் சொன்னேன். கேபிளை முழங்கையில் சுற்றினால் உள்ளிருக்கும் கம்பி முறுக்கேறி நாளடைவில் அறுந்துபோகும். ஒரு வளையம் நேராகவும் அடுத்த வளையம் உள்பக்கம் திருப்பியும் மாற்றி மாற்றி விட வேண்டும், அப்போதுதான் மறுநாள் வீசினால் முடிச்சில்லாமல் விரியும். அவனுக்கு அது வர மூன்று வாரமாயிற்று. நான்காவது வாரம் வேறொருவன் முழங்கையில் சுற்றியதைப் பார்த்து அவன் பதறிய பதற்றம் இருக்கிறதே, அதற்குப் பிறகு வாசலில் அவனைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. எல்லாப் பிள்ளையிடமும் இப்படி நடந்துவிடாது. சிலர் எந்த வேலையையும் தொடமாட்டார்கள், இசை கேட்டுவிட்டுப் போவார்கள், அதுவும் அவர்கள் உரிமை. பத்தில் மூன்று பேருக்கு உண்மையான பொறுப்பு இருந்தால் மீதி ஏழு பேரின் நடத்தையும் அவர்களைச் சுற்றி ஒழுங்குபடும் என்பது என் கணிப்பு. தவறு செய்ய இடம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரு நிகழ்ச்சியில் ஒலி கொஞ்சம் கரகரத்தால் குடி முழுகிப்போகாது, ஓடிவந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கும் பெரியவர்தான் அந்தப் பிள்ளையை இழக்கிறார்.

அப்படியானால் பெரியவர்கள் எங்கே நிற்க வேண்டும்? பிள்ளைகளிடம் ஒப்படைக்கக் கூடாத காரியங்கள் சில உண்டு: தீப்பாதுகாப்பு, காப்பீடு, பணத்தின் இறுதிக் கணக்கு, ஒருவர் மீது ஒருவர் கொடுக்கும் முறையீடுகள். பெரியவர்கள் தொடர்பான விதிகள் பிள்ளைகள் தொடர்பான விதிகளைவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும், அவர் எவ்வளவு நம்பிக்கைக்குரியவராக இருந்தாலும், பின்னணி விசாரணை நடக்க வேண்டும். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் கூடத்தில் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கக் கூடாது. தனிப்பட்ட குறுஞ்செய்தி கூடாது, அறிவிப்புகள் எல்லாம் குழுவுக்கே போக வேண்டும். தன் வண்டியில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடக் கூடாது. இந்த விதிகள் நல்லவர்களை அவமதிப்பதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள். நல்லவருக்கு இவற்றால் இழப்பு எதுவும் இல்லை. வேறு நோக்கத்தோடு வருகிறவருக்கு மட்டுமே இவை இடைஞ்சல்.

எளிதில் மறந்துபோகும் ஓர் இடம் மேடைக்குப் பின்னாலுள்ள அறை. வெளியூரிலிருந்து வரும் குழுவின் இருபத்தைந்து வயது கிதார் கலைஞரை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வியந்து பார்க்கும் கணத்தில் அதிகாரச் சமநிலை அறவே இல்லை. ஆகவே அந்த அறைக்குக் கண்ணாடி பதித்த கதவு போடுங்கள், அல்லது கதவையே எடுத்துவிடுங்கள். குழுவோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே வளாகத்தில் மது, புகை, போதைப்பொருள் எதுவும் இல்லை என்பதையும், இளையோருடன் நடந்துகொள்ளும் முறையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முறையீடு வந்தால் கேட்பதற்குக் கூடத்தை நடத்துபவர்களில் ஒருவராக இல்லாத, வெளியிலுள்ள ஒரு நபரின் தொடர்பு கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஏனெனில் அங்கேதான் ஒரு பிள்ளை யாரும் பார்க்காமல் அதைக் குறித்துக்கொள்ள முடியும்.

சுவரில் எழுதிவைத்த விதி தானாக வேலை செய்யாது. வன்முறை கூடாது என்பது கில்மன் கூடத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அப்படியிருந்தும் 1994-இல் பெயர்பெற்ற பாடகர் ஒருவர் அங்கே பார்வையாளராக வந்திருந்தபோது தாக்கப்பட்டுக் காலில் பலத்த காயமடைந்தார். மேடைக்கு முன்னால் முட்டிமோதி ஆடும் இசையாக இருந்தால், கூட்டத்துக்குள் பழகிய இளையோர் நான்கைந்து பேர் நின்று, விழுந்தவரை உடனே தூக்கிவிடுவதும், வேண்டுமென்றே அடிப்பவரை ஓரங்கட்டுவதும் வழக்கமாக வேண்டும். சீருடைக் காவலரைவிட இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அவர்களுக்கு ஆட்டத்துக்கும் சண்டைக்கும் வேறுபாடு தெரியும்.

தீயைப் பற்றி நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1998 அக்டோபர் இறுதியில் இளையோர் நடன இரவு ஒன்றில் 63 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பதின்ம வயதினர். 150 பேருக்கு அனுமதி பெற்ற மாடிக் கூடத்தில் 400 பேருக்கு நெருக்கமாக இருந்தார்கள். அவசர வழிப் படிக்கட்டில் நாற்காலி மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அங்கேதான் தீ வைக்கப்பட்டது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரியில் 'தி ஸ்டேஷன்' என்ற கூடத்தில், மேடை வாணவேடிக்கையின் பொறி, ஒலியை அடக்குவதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் உள்ளே மனிதர் தாங்கக்கூடிய நிலை இல்லாமல் போயிற்று. வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் நுழைந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே நெருக்குண்டார்கள். 100 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 30 அன்று புவெனஸ் ஐரிசின் கிரோமான்யோன் கூடத்தில் 194 பேர் மாண்டார்கள். கூரைத் துணியும் நுரையும் எரிந்து நச்சுப்புகை சூழ்ந்தபோது அவசர வாசல் பூட்டப்பட்டிருந்தது.

இந்த மூன்றிலும் உங்கள் மண்டபத்துக்கான பட்டியல் அடங்கியிருக்கிறது. காசு கொடுக்காமல் உள்ளே நுழைவதைத் தடுக்க அவசர வாசலைப் பூட்டுவது என்ற எண்ணம் எல்லாக் கூடத்திலும் ஒருநாள் யாருக்காவது தோன்றும்; உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ்ப்பாளைப் போட்டு, அதன் பக்கத்தில் ஒரு தன்னார்வலரை நிறுத்துவதே அதற்கு விடை. எதிரொலியைக் குறைக்க மலிவு நுரைப்பஞ்சை ஒருபோதும் ஒட்டாதீர்கள். எளிதில் தீப்பற்றாத கனிமக் கம்பளிப் பலகையும் தீத்தடுப்புச் சான்று பெற்ற திரையும் விலை கூடினாலும் அவையே வேண்டும். உள்ளே வந்தவர்களை எண்ணும் கருவி வாசலில் ஒருவர் கையில் இருக்க வேண்டும், போனவர்களைக் கழிக்க வேண்டும், அனுமதித்த எண்ணிக்கை வந்ததும் நண்பனானாலும் நிறுத்த வேண்டும். முதல் பாடலுக்கு முன் மேடையிலிருந்தே வழிகள் எங்கே இருக்கின்றன என்று கைகாட்டிச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு வாரம் சிரிப்பார்கள், பிறகு அதுவே சடங்காகிவிடும். ஸ்டேஷன் விபத்துக்குப் பின் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறிகள் 250 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற கூட்ட மேலாளர் வேண்டும் என்பதைச் சிறிய கூடங்களுக்கும் விரித்தன. பிள்ளைகள் நிறைந்த இடத்தில் அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்வதே சரி. கட்டடத்தில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லையென்றால், ஒலிக்கருவி வாங்கும் முன் அதற்குப் பணம் தேடுங்கள்.

காது அடுத்தது, இது என் துறை என்பதால் சற்றுக் கண்டிப்பாகப் பேசுவேன். பணியிடக் கேட்புப் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது. அதன்படி 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். டிரம்ஸ் வைத்த ஒரு சிறு கூடம் 100 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்புக்கான நெறி, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், ஒலி அளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும், அமைதியான பகுதி ஒன்று இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது பெரியவர்களையும் உள்ளடக்கிய மேல்வரம்பு. சுவிட்சர்லாந்து 16 வயதுக்குட்பட்டோருக்கான நிகழ்ச்சிகளுக்கு 93 டெசிபலை வரம்பாக வைத்திருக்கிறது. நான் உங்கள் கூடத்துக்கு 94-ஐ இலக்காக வைத்து, அளவுமானியின் எண்ணைக் கூட்டத்துக்கும் தெரியும்படி சுவரில் காட்டச் சொல்வேன். சிறு அறையில் ஒலியைக் குறைக்க மிக்சரைத் தொடுவதால் பயன் குறைவு. மேடையிலேயே கிதார் ஆம்ப்ளிஃபையர்களை நாற்காலி உயரத்துக்குத் தூக்கி வாசிப்பவர் காதை நோக்கித் திருப்பிவிட்டால் அவரே குறைத்துக்கொள்வார். பிரதான ஸ்பீக்கர்களை உயர்த்திக் கட்டி, அவற்றுக்கு முன்னால் ஒரு மீட்டருக்கு யாரும் நிற்க முடியாதபடி தடுப்பு வையுங்கள். காதடைப்பானை விற்காதீர்கள், கொடுங்கள்.

அந்த அமைதிப் பகுதி காதுக்கு மட்டும் உதவுவதன்று. கூட்டமும் ஒளியும் தாங்காத பிள்ளைகள், அழுதுகொண்டு வெளியே வந்தவர்கள், வீட்டில் நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து உட்காருவார்கள். நல்ல விளக்கு, இலவசக் குடிநீர், வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படியான சாளரம், கேட்கத் தெரிந்த ஒரு பெரியவர், இவ்வளவு போதும்.

வாசல் விதிகளில் பேரம் பேசக் கூடாதது ஒன்று: வெளியே போனவர் அன்று மீண்டும் உள்ளே வர முடியாது. மது உள்ளே வருவதில்லை. வெளியே நிறுத்தியிருக்கும் வண்டியில்தான் குடித்துவிட்டு வருவார்கள். குடித்துவிட்டு வந்த பிள்ளையைத் தெருவில் விரட்டிவிடுவது பாதுகாப்பு ஆகாது. கூடத்துக்குள் விடாமல், அமைதிப் பகுதியில் ஒருவர் துணையோடு உட்காரவைத்து, வீட்டார் வரும் வரை காத்திருக்க வேண்டும். வயதைப் பொறுத்தவரை என் கருத்து, நிகழ்ச்சி இரவுகளை எல்லா வயதினருக்கும் திறந்துவிட்டு, நிகழ்ச்சி இல்லாத மாலைகளை 13 முதல் 19 வரை என்று மட்டுப்படுத்துவது. பெற்றோர் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகும் கூடத்தின் மீது ஊரில் வதந்தி பரவுவது கடினம்.

பணத்துக்கு வருவோம். மது இல்லாத கூடத்தில் நுழைவுச்சீட்டால் மட்டும் செலவு அடையாது என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சீட்டை விலையேற்றி ஈடுகட்டப் பார்த்தால் எந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்தீர்களோ அவர்கள்தான் முதலில் நின்றுபோவார்கள். வாஷிங்டனின் ஃபுகாஸி குழு உலகம் முழுக்கப் பெயர்பெற்ற பிறகும் எல்லா வயதினருக்குமான நிகழ்ச்சிகளை 5 டாலர் அளவிலேயே நடத்திவந்தது, அந்தச் சிக்கனம் ஒரு கொள்கையாகவே இருந்தது. நீடித்த கூடங்கள் பல கால்களில் நிற்கின்றன: ஆண்டு உறுப்பினர் தொகை, பகலில் மண்டபத்தைப் பயிற்சி வகுப்புகளுக்கும் குழுக்களின் ஒத்திகைக்கும் வாடகைக்கு விடுவது, ஒலியியல், அச்சு வகுப்புகளுக்குக் கிடைக்கும் கல்வி மானியம், உள்ளாட்சியின் கட்டட உதவி. ஒரே புரவலரின் தயவில் நிற்கும் கூடம் அவர் மனம் மாறும் நாளில் மூடப்படும். வாடகை ஒப்பந்தம் ஓராண்டுக்கு என்றால் ஒலிக்கருவியில் பெரும்பணம் போடாதீர்கள்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களின் புகார் பெரும்பாலும் இசையைப் பற்றி இருக்காது, நிகழ்ச்சி முடிந்தபின் தெருவில் நடக்கும் பேச்சையும் குப்பையையும் பற்றித்தான் இருக்கும். பொதுப்போக்குவரத்தின் கடைசி வண்டிக்கு முக்கால் மணி நேரம் முன்பே கடைசிப் பாடல் முடிய வேண்டும்; அந்த முக்கால் மணி நேரமும் கூடம் திறந்தே இருக்க வேண்டும், விளக்கைப் பாதியாகக் குறைத்து, மெல்லிய இசையோடு. கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை இரண்டு பெரியவர்கள் போகக் கூடாது. தெருவைப் பெருக்குவது இளையோர் குழுவின் வேலை, மறுநாள் காலை அல்ல, அன்றிரவே.

தொடங்கும் முறைக்கு ஒரு யோசனை. முதல் நிகழ்ச்சியை அறிவிக்கும் முன், எட்டு வாரம் வாரத்துக்கு இரண்டு மாலை மண்டபத்தைத் திறந்து, வரும் பிள்ளைகளைக் கொண்டே சுவருக்கு வண்ணம் அடிக்கவும், மேடை கட்டவும், கேபிள்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டவும் வையுங்கள். விதிகளை நீங்கள் எழுதிக்கொண்டு போகாமல், மேலே பெரியவர்களுக்கென்று சொன்னவற்றைத் தவிர்த்து, மற்றவற்றை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்; அவர்கள் எழுதுவது உங்களுடையதைவிடக் கடுமையாக இருக்கும், சிலவற்றைத் தளர்த்தும்படி நீங்களே கேட்க வேண்டியிருக்கும். முதல் நிகழ்ச்சிக்கு அனுமதித்த எண்ணிக்கையில் பாதிக்கு மட்டும் சீட்டு கொடுங்கள். இரண்டாம் ஆண்டு முதல், பதினெட்டு வயதானவர் ஒவ்வொருவரும் தன் வேலையைப் பதினைந்து வயதுக்காரர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த பிறகே விலகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் உங்கள் கூடத்தில் நன்றாக வேலை தெரிந்தவர்கள் அனைவரும் மூன்று, நான்கு ஆண்டுகளில் வயது கடந்து போய்விடுவார்கள். முதலில் கைமாற வேண்டிய வேலை வாசலில் ஆள் எண்ணுவது, இரண்டாவது ஒலிக்கலவை மேசை.